டூல் ரூம் மல்லிகாவின் புது மூட்டு

போன வெள்ளிக்கிழமை காலை அம்பத்தூர் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் என்னை ஒரு பெண்மணி ஓவர்டேக் செய்தார்.

இதில் என்ன செய்தி என்கிறீர்களா? நியாயம்தான். என்னை எல்லோருமே ஓவர்டேக் செய்கிறார்கள். கீரைக் கூடை சுமக்கும் அம்மாக்கள்கூட "சைடு குடு சார்" என்று தாண்டிப் போகிறார்கள். அதை நான் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால், இப்போது தாண்டிப் போனவர் மல்லிகா! கையில் இரண்டு பை. ஒன்றிலிருந்து முருங்கைக்காய் எட்டிப் பார்க்கிறது. மேலே ஏறிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார், இப்டி மூச்சு வாங்குது? மெதுவா வாங்க. டிரெயின் லேட்டுதான்."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். நான் படியிலேயே நின்றுவிட்டேன். ஐந்து வருடங்களுக்கு முன்னால் ஒன்பது படி ஏற வேண்டும் என்பதற்காகவே கேன்டீன் பக்கம் போகாமல், டிபன் பாக்ஸோடு தன் இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்ட பெண்மணி இவர்.

திருநின்றவூரிலிருந்து ஒரு வாசகி போஸ்ட் கார்டு போட்டிருந்தார். 'வாராவாரம் யாரையாவது கிண்டல் செய்கிறீர்களே, ஒரு தடவையாவது யாரையாவது பாராட்டக் கூடாதா?' என்று. அம்மா, இந்த வாரம் பாராட்டுதான். கிண்டலும் கொஞ்சம் உண்டு... அதற்கு ஆள் வேறு. யார் என்று போகப்போகத் தெரியும்.

ஆவடியில் டிஃபென்ஸ் தொழிற்சாலை ஒன்றில் நான் குமாஸ்தா. எந்தத் தொழிற்சாலை என்று கேட்காதீர்கள். இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷன். யார் எப்போது சேர்ந்தார், யாருக்கு எத்தனை நாள் லீவு பாக்கி என்பதெல்லாம் என் அலமாரியில் இருக்கும்.

மல்லிகாவுக்கு டூல் ரூம். தொழிற்சாலைக்குள் போகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தொழிலாளி ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட பித்தளை டோக்கன் உண்டு. டோக்கனைக் கவுண்டரில் கொடுத்தால் ஸ்பேனரோ, டிரில் பிட்டோ, அளவு பார்க்கும் கருவியோ தருவார்கள். டோக்கன் போர்டில் தொங்கும். கருவி திரும்பி வந்தால் டோக்கனும் திரும்பும். கவுண்டருக்குப் பின்னால் வரிசை வரிசையாக இரும்பு ரேக்குகள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தச் சந்துகளில் நடக்கிற நடைதான் வேலை.

எந்த ரேக்கில், எந்தத் தட்டில், எது இருக்கிறது என்பது மல்லிகாவுக்கு மனப்பாடம். ஆட்களும் அவருக்கு நம்பர்தான். "நானூத்திப் பன்னெண்டு இன்னிக்கு ஷேவ் பண்ணிகினு வந்துகீறாரு, பொண்ணு பாக்கப் போறாரு போல" என்பார். சொன்னது சரியாகவே இருக்கும்.

இத்தனையும் விந்தி விந்தித்தான். இடது கால் இரண்டு அங்குலம் குட்டை. ஆவடி மார்க்கெட்டில் செருப்புத் தைப்பவர் ஒருவர் இடது செருப்புக்கு மட்டும் அடுக்கு அடுக்காக அடி வைத்துக் கொடுப்பார். அப்படியும் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும். தொழிற்சாலையில் சிலர் இதற்கு ஒரு பட்டப்பெயரும் வைத்திருந்தார்கள். அதை இங்கே எழுத மாட்டேன்.

போலியோ என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அவரே அப்படித்தான் நினைத்திருந்தார். முத்தாபுதுப்பேட்டையில் அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். குழந்தை எல்லோரையும்விடத் தாமதமாக நடந்தது. நடந்தபோது சாய்ந்து நடந்தது. யாரோ ஒரு கம்பவுண்டர் பார்த்துவிட்டுப் போலியோ என்றார். முடிந்தது. அந்தக் காலத்தில் ஒரு குழந்தை நொண்டினால் அதற்கு வேறு காரணம் இருக்கும் என்று யார் யோசித்தார்கள்?

எண்பதுகளின் தொடக்கத்தில் ஊனமுற்றோருக்கான இட ஒதுக்கீட்டில் அவருக்கு எங்கள் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. சர்ட்டிஃபிகேட்டில் தெளிவாக எழுதியிருந்தது: 'போலியோவால் இடது கால் பாதிப்பு.' அந்தக் காகிதமும் என் அலமாரியில்தான் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினையே அந்தக் காகிதம்தான்.

முப்பத்தைந்து வயதுக்கு மேல் வலி ஆரம்பித்தது. முதலில் தொடை இடுக்கில். பிறகு முதுகில். கவுண்டருக்குக் கீழே வலி மாத்திரை அட்டை எப்போதும் இருக்கும். அவருடைய கணவர் ஏழுமலை, திருமழிசை எஸ்டேட்டில் வெல்டர். அவர்தான் ஒரு நாள் பிடிவாதமாகப் பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு எலும்பு டாக்டர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டாராம்.

"வீட்டுல ஆட்டுக்கல் இருக்காம்மா?"

"கீது சார். தெனம் அதுலதான் மாவு ஆட்டறோம்."

"குழியில குழவி உக்காந்து சுத்துது இல்லையா? குழியே இல்லாம தட்டு மாதிரி இருந்தா?"

"குழவி உருண்டுகினு வெளியே வந்துடும்."

"அதேதான். உங்க இடுப்புக் குழி பிறவியிலேயே ஆழமா அமையல. தொடை எலும்போட உருண்டை அதுல நிக்காம மேல ஏறிடுச்சு. அங்கேயே உரசி உரசித் தேஞ்சுபோச்சு. இது போலியோ இல்லம்மா. உங்க நரம்பு, தசையெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

மல்லிகா இதை என்னிடம் சொன்னபோது, டாக்டர் சொன்ன வைத்தியத்தைவிட வேறொன்றுதான் அவரை உலுக்கியிருந்தது.

"எங்கம்மா சாவற வரைக்கும் அழுதுச்சு சார். எனக்கு ஒரு வயசுல ஜொரம் வந்துச்சாம். நடவு வேலைன்னு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவலியாம். அதான் போலியோ வந்துச்சுன்னு தன்னத் தானே திட்டிகினே போய்ச் சேர்ந்துச்சு. ஜொரமே காரணமில்லியாமே சார்! இத்த யார்கிட்ட போய்ச் சொல்வேன்?"

அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

வைத்தியம் என்ன? தேய்ந்துபோன மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைப்பது. மல்லிகாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. டாக்டர் எதையும் மறைக்கவில்லை. "சாதாரணமா அறுபது வயசுக்கு மேலதான் இதைச் செய்வோம். பத்துப் பதினஞ்சு வருஷத்துல புது மூட்டும் தேயலாம், அப்போ திரும்பச் செய்யணும். குழி இல்லாத இடுப்புல செய்யறது இன்னும் கஷ்டம். ஆனா செய்யலாம்" என்றாராம்.

"பத்து வருஷம் வலி இல்லாம நடந்தா போதும் சார். அதுக்கப்புறம் நீங்களும் இருப்பீங்க, நானும் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் மல்லிகா.

இந்த இடத்தில் கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் விடுவார்களா?

குவார்ட்டர்ஸில் தனபால் என்று ஒருவர். கோயம்புத்தூர் பக்கத்துக்காரர், மெஷின் ஷாப்பில் வேலை. 'ரூல்ஸ் தனபால்' என்றால்தான் தெரியும். அரசாங்க விதி எதுவாக இருந்தாலும் படிக்காமலே ஒப்பிப்பார். டூல் ரூம் கவுண்டரில் டோக்கனை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாராம்.

"இதுல பெரிய சிக்கல் இருக்குதுங்க, அம்மிணி. உங்களுக்கு வேலை குடுத்ததே போலியோன்னுதானுங்க? இப்ப டாக்டரு போலியோ இல்லீங்கறாரு. அப்ப அது பொய் சர்ட்டிஃபிகேட்டுங்களே! போதாததுக்கு, ஆபரேஷன் பண்ணிக் காலு நேராயிடுச்சுன்னு வைங்க... கோட்டாவுல வந்த ஆளு எப்படீங்க நேரா நடக்கலாம்?"

சிரிக்காதீர்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் தொழிற்சாலை முழுக்கப் பேச்சு. வேலை போய்விடும் என்று ஒரு கட்சி. வேலை போகாது, கேஸ் போடுவார்கள் என்று இன்னொரு கட்சி. 'இருக்கிற காலோடு இருந்துவிட்டுப் போயேன்' என்பது மூன்றாவது. மல்லிகாவின் பரம்பரையிலேயே முதல் சர்க்கார் வேலை அது. அந்த வீட்டில் அதை யார் விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள்?

மாசி மாதத்தில் ஒரு நாள், சுவரைப் பிடித்துக்கொண்டு எங்கள் செக்‌ஷனுக்கு வந்தார் மல்லிகா. "சார், நீங்கதான் பத்திரிகையில எல்லாம் எழுதறீங்களே. மேலிடத்துக்கு ஒரு லெட்டர் எழுதிக் கேளுங்க. ஆபரேஷன் பண்ணிகினா வேலைக்கு ஆபத்து வருமா, வராதா? ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சா போதும்."

எழுதினேன். நன்றாகவே எழுதினேன். ஒன்றரைப் பக்கம், ஆறு பாரா, இணைப்பு இரண்டு.

அனுப்பவில்லை.

ஆமாம். இந்த வாரம் கிண்டலுக்கு உரிய ஆள் நான்தான். கிண்டல் என்பதுகூட மரியாதையான வார்த்தை.

ஏன் அனுப்பவில்லை? எங்கள் செக்‌ஷனில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கேள்வி கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் அதன்படி நடக்க வேண்டும், ஆகவே, கேட்காதே. தூங்குகிற ஃபைல் யாரையும் கடிக்காது. மல்லிகாவின் ஃபைல் பன்னிரண்டு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதை நான் எழுப்பி, 'சர்ட்டிஃபிகேட் தவறு' என்று நானே எழுதிக் கொடுத்து, மேலே யாராவது ஒரு மகானுபாவர் 'வேலையை ரத்து செய்க' என்று எழுதிவிட்டால்? அந்தப் பாவம் எனக்கு எதற்கு? அவருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். கடிதத்தை ஃபைலிலேயே சொருகி வைத்தேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மாதா மாதம் முதல் வாரத்தில் மல்லிகா வருவார். "பதில் வந்துச்சா சார்?" நான் தலை நிமிராமல், "இன்னும் வரலைம்மா. போயிருக்கு. மேலிடம் இல்லையா, மெதுவாத்தான் வரும்" என்பேன். ஒவ்வொரு மாதமும் அவர் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரம் அதிகமாகிக்கொண்டே போனது. அது என் கண்ணில் படாமலா இருந்தது? பட்டது. நானும் மனுஷன்தானே... ஆனால் முதல் மாதம் சொன்ன பொய்யை ஏழாவது மாதத்தில் எப்படித் திருப்பி வாங்குவது?

பதினோரு மாதம், ஐயா. பதினோரு மாதம்!

பொங்கல் முடிந்த வாரம் மல்லிகா மறுபடி வந்தார். இந்த முறை "பதில் வந்துச்சா" என்று கேட்கவில்லை.

"வாங்க சார், பெரிய ஆபீசர் ரூமுக்குப் போவலாம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்படியெல்லாம் நேரா போக முடியாதும்மா. செக்‌ஷன் சூப்பரின்டென்டென்ட் மூலமா..."

"நேத்து நூத்தி எளுவது வந்து மைக்ரோமீட்டர் கேட்டாரு சார். கடைசி ரேக்குல கீது. என்னால எழுந்துக்க முடியல. அவரே கவுண்டரத் தாண்டி உள்ள வந்து எடுத்துகினு, டோக்கன போர்டுல மாட்டிட்டுப் போனாரு. பாவம், நல்ல மனசுதான். இன்னிக்குக் காலைல ஆறு பேரு அப்டியே பண்ணிட்டாங்க. நான் இன்னாத்துக்கு சார் அங்க குந்திகினு கீறேன்? வேலையக் காப்பாத்தத்தான் ஆபரேஷன் வேணாம்னு இருந்தேன். செய்யறதுக்கு வேலையே இல்லன்னா, எத்தக் காப்பாத்தறது?"

பதினோரு மாதமாக மேலிடத்தின் தலையில் நான் கட்டி வைத்திருந்த கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை எந்த மேலிடம் எழுதும்?

அவர் முன்னால் போனார். நான் ஃபைலோடு பின்னால் போனேன். அந்த வராண்டா அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நடுவில் இரண்டு முறை நின்று, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

பெரிய ஆபீசர் கறாரான மனிதர். சிரித்துப் பார்த்தவர்கள் இல்லை. உட்காரச் சொன்னார். மல்லிகா உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கிற பாடு அவருக்குத்தான் தெரியும்.

"சார், எனக்குப் போலியோ இல்ல. பொறவிலியே இடுப்பு மூட்டு சரியா அமையலியாம். சர்ட்டிஃபிகேட்ல போலியோன்னு கீது. எனக்கும் இத்தினி நாளாத் தெரியாது, இப்பத்தான் தெரியும். ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன். பண்ணிகினா கொஞ்சம் நல்லா நடப்பேன். அதுக்காக வேலைய எடுத்துடுவீங்கன்னா எடுத்துக்குங்க. மறைச்சு வச்சிட்டுப் போவ எனக்கு மனசு வரல."

இவ்வளவுதான் பேச்சு. ஒன்றரைப் பக்கம் இல்லை, ஆறு பாரா இல்லை, இணைப்பு இல்லை. பன்னிரண்டு வருட வேலையை மேஜைமேல் வைத்துவிட்டு நிற்கிறார்.

ஆபீசர் என்னிடமிருந்து ஃபைலை வாங்கிப் புரட்டினார். என் கடிதத்தில் வந்து நின்றார். கையெழுத்து இல்லை. வெளியே அனுப்பியதற்கான டெஸ்பாட்ச் நம்பர் இல்லை. தேதி மட்டும் இருக்கிறது — போன மாசி.

"இது ஏன் போகல?"

என்னைத்தான் கேட்டார். அந்த நிமிஷத்தில் மல்லிகா என்னைத் திரும்பிப் பார்ப்பார், எல்லாம் புரிந்துவிடும், அப்புறம் இந்தத் தொழிற்சாலையில் நான் தலை காட்ட முடியாது என்று நினைத்தேன்.

"நான்தான் வேணாம்னேன் சார்" என்றார் மல்லிகா. "அவரு அப்பவே எழுதி ரெடியா வச்சாரு. எனக்குத்தான் தெகிரியம் வரல."

என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆபீசர் ஃபைலை மூடினார். பிறகு ஒரே கேள்வி. "வேலைக்குச் சேரும்போது கால் ஊனமா இருந்ததா, இல்லையா?"

"இருந்துச்சு சார்."

"விதியில கால் ஊனம்னுதான் இருக்கு. எதனால ஊனம்னு கேக்கல. நீங்க ஒண்ணும் ஏமாத்தல. கால் சரியானா வேலையை விட்டு எடுக்கணும்னு எந்தப் புத்தகத்துலயும் நான் படிச்சதில்ல. நல்லபடியா போயிட்டு வாங்க."

பச்சை மசியில் நாலு வரி எழுதினார். லீவு சாங்ஷன். மொத்தம் ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா? அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நான் பதினோரு மாதம் பொத்தி வைத்திருந்தேன்.

ஆபரேஷனுக்கு நாலு யூனிட் ரத்தம் வேண்டும் என்றது ஆஸ்பத்திரி. டூல் ரூமில் யாரோ சாக்பீஸால் எழுதிப் போட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை லோக்கல் டிரெயினில் ஆவடியிலிருந்து வந்து இறங்கியவர்கள் பத்தொன்பது பேர்! நானூற்றுப் பன்னிரண்டு, நூற்று எழுபது, ரூல்ஸ் தனபால் உட்பட. "போதும் போதும், மத்தவங்க வீட்டுக்குப் போங்க" என்று நர்ஸ் விரட்ட வேண்டியதாயிற்று. நானும் போயிருந்தேன். பிளட் பிரஷர் அதிகம் என்று என் ரத்தத்தை வேண்டாம் என்றுவிட்டார்கள். எனக்கு அது ஒரு தீர்ப்பாகவே பட்டது.

அந்த டாக்டர் செய்த காரியம் இருக்கிறதே... ஏழுமலை சொல்லச் சொல்ல எனக்கு மெய்சிலிர்த்தது. வெட்டி எடுத்த பழைய எலும்பு உருண்டையை அவர் தூக்கிப் போடவில்லை. அதையே செதுக்கி, ஆழமில்லாத குழிக்குமேல் கூரை மாதிரி வைத்து, ஸ்க்ரூ போட்டு முடுக்கி, அதற்குள் செயற்கை மூட்டின் கிண்ணத்தைப் பதித்திருக்கிறார். இத்தனை வருடம் அவரைச் சாய்ந்து நடக்க வைத்த அதே எலும்பு! கால் ஒன்றரை அங்குலம் இறங்கிவிட்டது. இன்னும் இழுத்தால் நரம்புக்கு ஆபத்து என்று கடைசி அரை அங்குலத்தை விட்டுவிட்டாராம். எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர் கை அது.

"நானும் வெல்டருதான் சார். இரும்புல அளவு தப்பிப்போச்சுன்னா அடிச்சுச் சரி பண்ணிக்கலாம். எலும்புல இன்னா பண்ணுவ? அந்த ஆளு கைய ஒரு தபா தொட்டுப் பாக்கணும் போல இருந்துச்சு" என்றார் ஏழுமலை.

நாலு நாள் கழித்துப் பார்க்கப் போனேன். கால்களுக்கு நடுவில் பெரிய தலையணை வைத்துக் கட்டியிருந்தார்கள். மல்லிகாவின் முகத்தில் ஒரே குழப்பம்.

"சார், இந்தக் காலு ரொம்ப நீளமா கீது. வேற யாருதாவது மாத்தி வச்சிட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது நிஜமான கஷ்டம். கால் சரியாகிவிட்டது, உடம்புக்கு அது தெரியவில்லை. ஊன்றுகோலோடு நிற்க வைத்தால், குட்டைக் காலை ஊன்றுவதற்காகப் பழையபடியே ஒரு பக்கம் சாய்கிறார். பயிற்சி கொடுக்க வந்த பெண், "நேரா நில்லுங்கக்கா, இப்ப சாய வேண்டியதில்ல" என்று நூறு தடவை சொல்லியிருப்பார். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். வேர்த்துக் கொட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒவ்வொரு கட்டிலாக எண்ணிக்கொண்டு நடப்பார். சின்ன வயதில் தப்பாகக் கற்றுக்கொண்ட நடையை அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். சொல்லுங்கள், அந்த வயதில் நம்மில் எத்தனை பேர் ஒரு பழக்கத்தை மாற்றியிருக்கிறோம்? நான் காபியில் சர்க்கரையைக்கூடக் குறைத்ததில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு டாக்டரின் மூன்று கட்டளைகள். தரையில் உட்காரக் கூடாது. குந்தக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. நம் ஊரில் இந்த மூன்றையும் விட்டுவிட்டு எப்படி வாழ்வது? குவார்ட்டர்ஸ் கழிவறை இருக்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியும். ஏழுமலை திருமழிசையில் தன் பட்டறையிலேயே இரும்புக் குழாய் வளைத்து, நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி ஒன்று பற்றவைத்துக் கொண்டுவந்தார். முதல் நாள் அக்கம்பக்கத்தார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த மாதம் மூன்று வீட்டுக்காரர்கள், "எங்கம்மாவுக்கு முட்டி வலிங்க, அதே மாதிரி ஒண்ணு..." என்று வந்து நின்றார்கள்.

ஐந்து மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். கையில் ஒரே ஒரு கோல். நடையில் லேசான சாய்வு. முதல் நாள் காலை கவுண்டரில் கூட்டம்... யாருக்கும் கருவி வேண்டாம், சும்மா வேடிக்கை! யாரோ பழக்க தோஷத்தில் கவுண்டரைத் தாண்டப் பார்த்தார்.

"எங்க வர? டோக்கன வச்சிட்டு அங்கயே நில்லு" என்றார் மல்லிகா. கடைசி ரேக் வரை தானே நடந்து போய் எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குக் கைதட்டினார்கள் என்றால் நம்புவீர்களா?

அந்த வருட ஆயுத பூஜை. டூல் ரூமுக்கு அதுதான் பெரிய பண்டிகை. எல்லோரும் தரையில் உட்கார்ந்திருக்க, மல்லிகாவுக்கு மட்டும் நடுவில் நாற்காலி. தலைமை விருந்தினர் மாதிரி கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். பூஜை முடிந்து ஆட்கள் கலைந்ததும், பொரிப் பொட்டலத்தோடு பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். ஒன்பது மாதமாக உள்ளே கிடந்து அரித்ததைக் கேட்டேவிட்டேன்.

"மல்லிகா, அந்தக் கடிதத்தை நான் அனுப்பலைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"மூணாவது மாசமே தெரியும் சார். டெஸ்பாட்ச் சரோஜாவக் கேட்டேன். ரிஜிஸ்டர்ல ஏறவே இல்லன்னுச்சு."

பொரிப் பொட்டலத்தைக் கீழே வைத்தேன். "அப்புறம் ஏன் மாசாமாசம் வந்து, பதில் வந்துச்சான்னு கேட்டீங்க?"

மல்லிகா போர்டில் தொங்கிய டோக்கன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஆபரேஷன்னா பயம் சார். உயிரே நடுங்கிச்சு. ஊட்டுக்காரு தெனம் எப்ப எப்பன்னு கேப்பாரு. ஆபீஸ்ல பதில் வரட்டும்னு சொல்லிகினு இருந்தேன். நீங்க அனுப்பாம இருந்தது எனக்கும் தோதாத்தான் இருந்துச்சு. எங்க அனுப்பிடப் போறீங்களோன்னு பாத்துட்டுப் போவத்தான் மாசாமாசம் வந்தேன்."

ஆபீசர் அறையில் அவர் என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னார் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்? பாதி நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறார். எனக்கு மனசு லேசானது. ஆக, தப்பில் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு... நிம்மதியாக ஒரு பிடி பொரியை வாயில் போட்டுக்கொண்டேன்.

மல்லிகா என்னைப் பார்த்துச் சிரித்தார். வெகுளியான சிரிப்புதான்.

"ஆனா ஒண்ணு சார். பயந்தது ரெண்டு பேரும். வலிச்சது எனக்கு மட்டுந்தான்."

விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த அன்றைக்கு, 'மெதுவாகப் பார்க்கலாம்' என்று நான் நிறுத்தி வைத்திருந்த கடிதங்களை எடுத்து எண்ணினேன். வெவ்வேறு ஆட்களுடையவை, ஏழு. டீ இடைவேளைக்குள் ஏழையும் சரோஜாவிடம் கொடுத்துவிட்டேன். அந்த ஏழு பேருக்கு எங்கெங்கே வலித்துக்கொண்டிருந்ததோ... நான் கேட்டேனா என்ன?